16 வரியை வைத்து ஒரு மாதம்: ஆங்கில இலக்கியத்தை ஆராய்ந்து எழுதக் கற்றுக்கொடுப்பது

விடைத்தாள் கட்டைப் பிரித்தால் முதல் வரியைப் படிக்காமலே சொல்லிவிடலாம். "வில்லியம் ப்ளேக் 1757 நவம்பர் 28 அன்று லண்டனில் பிறந்தார்." அடுத்த வரி, "அவர் ஒரு மாபெரும் ரொமான்டிக் கவிஞர்." பிறகு ஒன்றரைப் பக்கத்துக்குக் கவிதையின் சுருக்கம். கடைசியில், "இவ்வாறு இக்கவிதை மிக அழகாக அமைந்துள்ளது." கவிஞர் பெயரையும் தேதியையும் மாற்றினால் இதே விடை எந்தக் கவிதைக்கும் பொருந்தும்.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் 17 வருடமாக பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பு எடுக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஆரம்ப வருடங்களில் நானும் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தேன். ஒருமுறை அவசரத்தில், ஒரு கவிதையின் மூன்றாம் பத்தியில் வரும் படைவீரனை இரண்டாம் பத்தியில் வருவதாகச் சொல்லிவிட்டேன். அடுத்த இன்டர்னல் தேர்வில் கிட்டத்தட்ட எல்லா விடைத்தாளிலும் படைவீரன் இரண்டாம் பத்தியில்தான் இருந்தான். பாடப்புத்தகம் எல்லோர் பையிலும் இருந்தது. அதைத் திறக்க அவசியமே இல்லாதபடி செய்து வைத்திருந்தது நான். அன்றோடு நோட்ஸ் சொல்வதை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக என்ன செய்கிறேன் என்பதை, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஆராயத் தெரியாது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். அது உண்மையில்லை. சினிமாப் பாட்டில் ஒரு சொல் ஏன் அங்கே விழுந்தது என்று பேருந்தில் மணிக்கணக்காக வாதிடுகிறவர்கள்தான் இவர்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றதும் அந்தப் புத்தியைக் கீழே வைத்துவிட்டு, இலக்கணப் பிழை வராமல் தப்பித்தால் போதும் என்று ஓடுகிறார்கள். ஆகவே ஆராய்ச்சியையும் ஆங்கிலத்தையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். யோசிப்பது முதலில் தமிழில் நடக்கட்டும்.

என் முதல் வகுப்பில் ஆங்கிலக் கவிதையே கிடையாது. கரும்பலகையில் இரண்டு குறளை எழுதுவேன். இரண்டும் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில் இருப்பவை. 108: "நன்றி மறப்பது நன்றன்று நன்றல்லது அன்றே மறப்பது நன்று." 110: "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு." ஒரே கேள்விதான் கேட்பேன்: அங்கே "மறப்பது" என்றவர் இங்கே ஏன் "கொன்ற" என்கிறார்?

முதலில் அமைதி. இரண்டு நிமிடமாவது வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருங்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "மறதி தானா வர்றது மேம். கொலை நாமளா செய்யறது." அதை அப்படியே பலகையில் எழுதுவேன். இன்னொரு பெண் சேர்ப்பாள்: "108ல புத்திமதி மட்டும்தான் இருக்கு. கொன்னவனுக்குத்தான் உய்வில்லன்னு சொல்றாரு." அதுவும் பலகைக்குப் போகும். ஒரு வருடம், தமிழ் இலக்கணத்தில் தேர்ந்த ஒரு பையன் எழுந்து, "அங்க 'மறந்த'ன்னு போட்டா தளை தட்டும் மேம். செய்ந்நன்றி காய்ச்சீர், அடுத்து நேரசைதான் வரணும்" என்றான். யாப்பு விதிப்படி அங்கே 'மறந்த' பொருந்தாது என்கிறான். அருமையான மறுப்பு. அதையும் எழுதிவிட்டுக் கேட்டேன்: "தளை தட்டாம வர்ற சொல் இது ஒண்ணுதானா?" வகுப்பு அன்று மணி அடித்த பிறகும் கலையவில்லை. ஆங்கிலக் கவிதையில் எதுகைக்காகத்தான் இந்தச் சொல்லைப் போட்டார் என்று யாராவது பின்னால் சொல்லும்போது, அந்தக் குறளை நினைவுபடுத்தினால் போதும். யாப்பு ஒரு சொல்லைக் கேட்கலாம். கேட்ட இடத்தில் எதை வைப்பது என்பது புலவர் கையில் இருக்கிறது.

பலகையில் இருப்பதைக் காட்டி, "இதுதான் அனலிசிஸ். இதைத்தான் இந்த செமஸ்டர் முழுக்க ஆங்கிலத்தில் செய்யப் போகிறோம்" என்பேன். பரிமேலழகர் முதலான உரைகாரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைச் செய்துவிட்டுப் போனார்கள். பதவுரை என்றால் சொல்லுக்குப் பொருள். பொழிப்புரை என்றால் திரண்ட பொருள். அதற்கு மேல் விளக்கவுரை என்று தனியாக ஒன்று உண்டு. நம் மாணவர்கள் பொழிப்புரையோடு நின்றுவிடுகிறார்கள் என்று சொன்னால் அவர்களுக்கே பளிச்சென்று புரிகிறது. "பாராஃப்ரேஸ்", "அனாலிசிஸ்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் பழகிய "நயம் பாராட்டுக" கேள்வியும் ஒரு தடை. மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி என்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டு கொடுத்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். கல்லூரிக்கு வந்ததும் மோனை "அலிட்டரேஷன்" ஆகிறது, எதுகை "ரைம்" ஆகிறது, பட்டியல் அப்படியே தொடர்கிறது. அணியைக் கண்டுபிடிப்பதை நான் குறை சொல்லவில்லை. கண்டுபிடித்த பிறகு வரும் வாக்கியம்தான் பிரச்சினை: "இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது." என் வகுப்பில் இந்த வாக்கியத்துக்கு இடமில்லை என்று முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

இரண்டாம் வாரம் ப்ளேக்கின் "லண்டன்". 1794ல் வந்தது, 16 வரி, நான்கு பத்தி. சின்னது, சொற்கள் எளியவை, தோண்டத் தோண்ட வருவது. கவிஞர் பெயரையோ தலைப்பையோ முதலில் சொல்ல மாட்டேன். 1920களில் திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் இப்படிப் பெயர் மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுத வைத்தார். பெயர் தெரியாவிட்டால் "மாபெரும் ரொமான்டிக் கவிஞர்" என்று ஆரம்பிக்க வழியில்லை. அந்த ஒரு நன்மைக்காகவே இதைச் செய்யலாம். ஜெராக்ஸ் கொடுக்காமல் கையால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கையால் எழுதும்போதுதான் "எவ்ரி" என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது விரலுக்குத் தெரிகிறது.

பலகையில் எழுதும்போது முதல் இரண்டு வரியிலும் ஒரு இடத்தைக் காலியாக விடுவேன். "ஐ வாண்டர் த்ரூ ஈச் டேஷ் ஸ்ட்ரீட், நியர் வேர் த டேஷ் தேம்ஸ் டஸ் ஃப்ளோ." இரண்டு இடத்திலும் ஒரே சொல். என்ன போடலாம் என்று கேட்டால் நேரோ, க்ரௌடட், டார்க் என்று வரும். எப்படியும் யாராவது ஒருவர் "டர்ட்டி" என்பார். அப்போது சொல்வேன்: இதை எழுதிய கவிஞரும் தன் நோட்டுப் புத்தகத்தில் முதலில் "டர்ட்டி" என்றுதான் எழுதினார். தெருவும் அழுக்கு, தேம்ஸும் அழுக்கு. பிறகு அடித்துவிட்டு வேறு சொல் போட்டார்.

கவிஞர் நினைத்ததைத் தானும் நினைத்தேன் என்று தெரிந்த அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இனி அந்தக் கவிதை அவனுடையதும்தான்.

மாற்றிப் போட்ட சொல் "சார்ட்டர்ட்". யாருக்கும் புரியாது. "சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்" என்று ஒருவர் சொல்வார். சரியான நூல் அதுதான், அதையே பிடித்து இழுங்கள். தமிழில் பட்டயக் கணக்காளர். பட்டயம் என்றால் எழுதிக் கொடுத்த உரிமை. 1600ல் எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்ததும் ஒரு பட்டயம்தான். கிழக்கே வணிகம் செய்யும் உரிமை அந்தக் கம்பெனிக்கு மட்டும் என்று எழுதித் தந்தார். ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை என்று அர்த்தம். இப்போது திரும்பப் படியுங்கள்: எழுதிக் கொடுக்கப்பட்ட தெரு, எழுதிக் கொடுக்கப்பட்ட ஆறு.

"ஆத்தை ஏலம் விட்ட மாதிரியா மேம்? எங்க ஊர்ல மணல் குவாரிக்கு விட்டாங்களே, அப்படியா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி ஒப்பீடு புரிந்துகொள்ள உதவும் ஏணி. விடையில் அதை எழுத ஆரம்பித்தால் கவிதை காணாமல் போய் மணல் குவாரி கட்டுரையாகிவிடும். "ஏணியில ஏறியாச்சு, இப்ப லண்டனைப் பத்தி எழுது" என்று சொல்லி அனுப்புங்கள்.

அழுக்குத் தெரு என்றால் கண்ணில் பட்டதைச் சொன்னதோடு சரி. மழை பெய்தால் போய்விடலாம். பட்டயம் போட்ட தெரு என்றால் அதன் பின்னால் கையெழுத்துப் போட்ட ஒருவர் இருக்கிறார். அடித்த சொல்லையும் போட்ட சொல்லையும் பக்கத்தில் வைத்து மூன்று வாக்கியம் எழுதச் சொல்வேன். தமிழில். அன்றைக்கு அவ்வளவுதான். இதே கவிதையில் இன்னொரு திருத்தமும் உண்டு. இன்று "மைண்ட் ஃபோர்ஜ்ட் மனாக்கிள்ஸ்" என்று, அதாவது மனமே அடித்துப் பூட்டிய விலங்குகள் என்று, நாம் படிக்கும் இடத்தில் முதலில் "ஜெர்மன் ஃபோர்ஜ்ட் லிங்க்ஸ்" இருந்தது. அப்போதைய இங்கிலாந்து அரச வம்சம் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தது. வெளியே கை நீட்டிய சொல்லை எடுத்துவிட்டு உள்ளே திரும்பிய சொல்லை வைத்திருக்கிறார். இதை வீட்டில் யோசித்து வரச் சொல்லுங்கள், வகுப்பில் நீங்கள் விளக்க வேண்டாம்.

அடுத்த பழக்கம் "அதனால?" என்ற ஒற்றைக் கேள்வி. யார் எதைக் கண்டுபிடித்துச் சொன்னாலும் திட்டாமல், சிரித்த முகத்தோடு, "அதனால?" என்று கேட்கிறேன். ஒரு உதாரணம். முதல் பத்தியின் கடைசி இரண்டு வரியில் "மார்க்" என்ற சொல் மூன்று முறை வருகிறது. முகங்களை மார்க் செய்கிறேன். பலவீனத்தின் மார்க், துயரத்தின் மார்க் தெரிகிறது.

"ரெபெட்டிஷன் மேம்." அதனால? "முதல் மார்க் வெர்ப், பார்க்கிறது. அடுத்த ரெண்டும் நவுன், தழும்பு." அதனால? "பார்க்கிறவன் செய்யற வேலைக்கும் பார்க்கப்படறவங்க மேல இருக்கிற தழும்புக்கும் ஒரே பேரு." அதனால? "அப்ப அவனும் வெளியில நின்னு பார்க்கல மேம். அவனும் அதே தெருவுலதான் நடக்கறான்."

இங்கே நிறுத்திவிட வேண்டும். நான்காவது முறை கேட்டால், "ஆகவே ப்ளேக் எல்லா நகரங்களையும் வெறுத்தார்" என்ற மாதிரிக் கவிதையில் இல்லாத ஒன்று வரும். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரே அளவுகோல்: நீ சொல்வதற்கு எந்தச் சொல் சாட்சி? விரலை வைத்துக் காட்ட முடிந்தால் எழுது, முடியாவிட்டால் விடு.

மூன்றாம் பத்தியில் நான்கு வரியின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் "ஹியர்" என்று வரும், கேள் என்று பொருள். ஹௌ, எவ்ரி, அண்ட், ரன்ஸ். இதை யாராவது கண்டுபிடிக்கும் நாளில் வகுப்பே திருவிழாவாகிவிடும். உடனே கேள்வி வரும்: "வேணும்னே செஞ்சாரா மேம்?" கவிஞரின் மனசுக்குள் நாம் போக முடியாது, தாளில் இருப்பதைப் பற்றி எழுதலாம் என்று சொல்கிறேன். அதற்கு முந்தைய பத்தி "ஐ ஹியர்" என்று முடிகிறது. இந்தப் பத்தியில் புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் அலறல் கேட்கிறது, படைவீரனின் பெருமூச்சு அரண்மனைச் சுவரில் ரத்தமாக வழிகிறது. காதுக்குக் கேட்பது கண்ணுக்குத் தெரிவதாக மாறும் இடம் இது. "ப்ளேக் இப்படி நினைத்தார்" என்று எழுதாமல் "கவிதை இப்படிச் செய்கிறது" என்று எழுதக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இப்போதுதான் ஆங்கிலத்துக்கு வருகிறேன், மூன்றாம் வாரத்தில். தமிழில் எழுதிய மூன்று வாக்கியத்தை அவர்களே ஆங்கிலமாக்குகிறார்கள். நீளமான வாக்கியம் வேண்டாம். வினைச்சொல்லில் மட்டும் நான் தலையிடுவேன். எல்லோரும் "ஷோஸ்" ஒன்றை வைத்தே குடும்பம் நடத்துவார்கள். சஜெஸ்ட்ஸ், இம்ப்ளைஸ், ரிப்பீட்ஸ், டர்ன்ஸ், ரெஃப்யூசஸ் என்று ஐந்து சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைசிச் சொல் எனக்குப் பிரியமானது. ஒரு கவிதை எதையாவது தர மறுக்கிறது என்று எழுதத் தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை பாதி தூரம் வந்தாயிற்று.

மேற்கோள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நான்கு வரியை அப்படியே நகலெடுத்து நடுவில் வைப்பது தாளை நிரப்பும் வேலை. இரண்டு அல்லது மூன்று சொல்லைத் தன் வாக்கியத்துக்குள்ளேயே கோத்து எழுத வேண்டும். பூ கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பார்கள், அப்படி. மேற்கோளுக்கு அடுத்த வாக்கியம் அந்த மேற்கோளில் இருக்கும் ஒரு சொல்லைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும், வேறு எதற்கும் தாவக் கூடாது.

ஒரு மாணவர் ஜூலையில் எழுதியதும் ஆகஸ்டில் எழுதியதும் என்னிடம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதியவை, அவர் அனுமதியோடு தமிழில் தருகிறேன். ஜூலை: "கவிஞர் லண்டன் தெருக்களில் நடக்கிறார். மக்கள் அழுவதைக் கேட்கிறார். அவர் ரெபெட்டிஷனைப் பயன்படுத்துகிறார். இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது." ஆகஸ்ட்: "இரண்டாம் பத்தியில் 'எவ்ரி' ஐந்து முறை வருகிறது. மனிதன், குழந்தை, குரல், தடை என்று மற்றவை மாற, இந்தச் சொல் மாறாமல் நிற்கிறது. ஒருவராவது தப்பியிருப்பார் என்று நம்பக் கவிதை மறுக்கிறது." இரண்டிலும் நான்கைந்து வாக்கியத்துக்கு மேல் இல்லை. ஆங்கிலம் ஒன்றும் பெரிதாகத் தேறிவிடவில்லை, ஆகஸ்டிலும் இரண்டு இலக்கணப் பிழை இருந்தது.

திருத்துவதைப் பற்றி. சிவப்புப் பேனாவை முதல் மாதம் தொடாதீர்கள். முதல் சுற்றில் பென்சிலால் இரண்டே குறி: கவிதையைத் திருப்பிச் சொல்லும் வாக்கியத்துக்கு நெளிகோடு, கவிதையைப் பற்றி ஏதோ சொல்லும் வாக்கியத்துக்கு நேர்கோடு. கவிதையை ஏற்கனவே படித்த ஒருவருக்கு இந்த வாக்கியத்தால் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா என்று பார்த்தால் எந்தக் கோடு என்று தெரிந்துவிடும். இரண்டாவது கட்டுரையிலிருந்து இந்தக் கோடுகளை மாணவர்களே பக்கத்து நோட்டில் போடுகிறார்கள். 60 பேர் வகுப்பில் 60 முழுக் கட்டுரையைத் திருத்த யாராலும் முடியாது. ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள், அதை ஒழுங்காகப் படியுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். நான்கு கேள்வி எழுதினால் ஒன்றுக்கும் பதில் வராது. இலக்கணம் மூன்றாம் சுற்றில், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை மட்டும்.

வீட்டில் எழுதி வரச் சொன்னால் இப்போது ஃபோனே எழுதிக் கொடுத்துவிடுகிறது. சண்டை போட்டுப் பயனில்லை என்று, எழுதும் வேலை முழுவதையும் வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டேன். 20 நிமிடம், ஒரு சொல், ஒரு பத்தி. ஃபோன் எழுதிய விடையை நானே ஜெராக்ஸ் எடுத்து வந்து நெளிகோடும் நேர்கோடும் போடச் சொன்னதும் உண்டு.

நாடகத்துக்கும் நாவலுக்கும் வழி இதேதான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. நாடகத்தில் யார் செய்யுளில் பேசுகிறார், யார் உரைநடையில் பேசுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷேக்ஸ்பியரின் "மேக்பெத்" நாடகத்தில், மற்ற காட்சிகளில் செய்யுளில் பேசும் லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியில் உரைநடைக்கு இறங்குகிறாள். அதிலிருந்து "அதனால?" ஆரம்பிக்கலாம். நாவலில் கதை சொல்வது யார், அவருக்கு என்ன தெரியாது என்ற கேள்வியே ஒரு மாதத்துக்கு வரும்.

பல்கலைக்கழகத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிட்டுப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். வேல்யூவேஷன் முகாமில் ஒரு நாளைக்குக் கட்டுக்கட்டாகத் திருத்துகிறவர், நாம் வகுப்பில் என்ன செய்தோம் என்று அறியாதவர். கவிஞர் யார், கவிதை எதைப் பற்றியது என்பதை அவர் எதிர்பார்ப்பார். அதற்கு 10 மார்க் விடையில் முதல் ஐந்து வரி போதும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். பிறகு மூன்று பத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல், ஒவ்வொன்றுக்கும் துணைத்தலைப்பு. தலைப்பு இருந்தால் அவசரத்தில் படிக்கிறவர் கண்ணில் விஷயம் படும். நேரம் இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்பெல்லிங் பார்க்க வேண்டாம். எந்தப் பத்தியில் மேற்கோள் குறி இல்லை என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பத்தியில் கவிதையிலிருந்து ஒரு சொல்லாவது வந்தாக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பத்திக்குக் கீழும் இரண்டு வரி காலியாக விட்டு எழுதப் பழக்குகிறேன்.